ஓடந்துறையின் கரண்ட் பில்

தமிழ்நாட்டில் ஒரு கிராம ஊராட்சிக்கு முக்கியமாக மூன்று வங்கிக் கணக்குகள் இருக்கின்றன. ஒன்றாம் கணக்கு பொதுநிதி. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், மாநில அரசு பகிர்ந்து தரும் நிதி எல்லாம் அதில் வந்து சேரும். மூன்றாம் கணக்கு திட்டங்களுக்காக வரும் மானியத்துக்கு. நடுவில் இருக்கும் இரண்டாம் கணக்கைப் பற்றி ஊராட்சி அலுவலகத்துக்கு வெளியே யாருக்கும் அதிகம் தெரியாது. மின்கட்டணமும் குடிநீர் வாரியத்துக்குச் சேர வேண்டிய தொகையும் கட்டுவதற்கென்றே பணத்தைத் தனியாக எடுத்துவைக்கும் கணக்கு அது. வேறு எந்தச் செலவுக்கும் அதைத் தொடக்கூடாது.

ஒரு செலவுக்கென்று தனிக் கணக்கே வைக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தச் செலவு ஊராட்சிகளை எவ்வளவு காலம் என்ன பாடு படுத்தியிருக்க வேண்டும்! நான் வளர்ந்த ஊரில் ஒரு கோடையில் பதினைந்து நாள் தெருவிளக்கு எரியவில்லை. பில் பாக்கி. பீஸ் கட்டையைக் கழற்றிவிட்டார்கள். பிரசிடெண்ட் வீட்டுத் திண்ணையில் போய் நின்ற பெரியவர்களிடம் அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "பணம் மேலே இருந்து வரோணுமுங்க, நான் என்ன பண்ணட்டும்?" அவர் பொய் சொல்லவில்லை. நானறிந்த பெரும்பாலான ஊராட்சிகளின் வாழ்க்கை அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் ஓடியது. அதே கொங்கு மண்ணில், அதே சட்டத்தின் கீழ், அதே கரண்ட் பில்லை வைத்துக்கொண்டு வேறு ஒரு பதிலைத் தேடிய ஊராட்சி ஓடந்துறை. அதனால்தான் இந்த ஆய்வுக்கு அதை எடுத்துக்கொண்டேன்.

ஊர்

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஊட்டிச் சாலையில் ஏறினால் வருவது ஓடந்துறை. கோயம்புத்தூர் மாவட்டம், காரமடை ஊராட்சி ஒன்றியம். முன்னால் நீலகிரி மலை சுவர்போல நிற்கும். சாலையின் இருபுறமும் பாக்குத் தோப்பு, வாழை, தென்னை. கொஞ்ச தூரத்தில் கல்லாறு. மலை ரயில் பற்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்கும் இடம் அது. யானைகள் மலையை விட்டு இறங்கி இந்தப் பக்கம் கடப்பது பழைய வழக்கம். வாழை குலைதள்ளும் காலத்தில் தோட்டக்காரர்களுக்கு ராத்தூக்கம் கிடையாது.

வெளியூர்க்காரர்கள் இந்த வழியாக ஆயிரக்கணக்கில் ஊட்டிக்குப் போகிறார்கள். பெரும்பாலோர் இப்படி ஓர் ஊராட்சி இருப்பதே தெரியாமல் கடந்துவிடுகிறார்கள். ஊராட்சி என்றால் ஒரே ஊர் என்று நகரத்தார் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது சிதறிக் கிடக்கும் பல குக்கிராமங்களை ஒரே தீர்மானப் புத்தகத்துக்குள் கட்டிவைத்த ஏற்பாடு. சாலையோரக் குடியிருப்பு ஒரு மாதிரி இருக்கும், தோட்டத்து வீடான சாளை ஒரு மாதிரி, காலனி ஒரு மாதிரி, அடிவாரத்துப் பழங்குடிகளின் குடியிருப்பு இன்னொரு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் தனி மேல்தொட்டி, தனி மோட்டார், தனிக் குழாய், விளக்குக் கம்பங்கள். ஒரு குக்கிராமத்தில் மோட்டார் காயில் போனால் மற்றக் குக்கிராமத்துக்குத் தெரியாது. டேங்க் ஆபரேட்டருக்குத் தெரியும், கிளார்க்குக்குத் தெரியும், அந்த வார்டு மெம்பருக்கு விடியுமுன் போன் வந்துவிடும்.

கிராம சபையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் என்று ஆண்டுக்கு நான்கு முறை கூடியது, 2022 முதல் உலகத் தண்ணீர் நாளையும் உள்ளாட்சி நாளையும் சேர்த்து ஆறு முறையானது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வருபவர்கள் கேட்பது நான்கைந்து விஷயங்கள்: தண்ணி, லைட்டு, ரோடு, சாக்கடை, சுடுகாட்டுப் பாதை. இவற்றில் முதல் இரண்டும் கரண்டில் ஓடுகின்றன.

தண்ணீர் வந்தது, பில்லும் வந்தது

ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்த 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு 1994இல் புதிய ஊராட்சிகள் சட்டத்தை இயற்றியது. அதன்படி முதல் தேர்தல் 1996இல் நடந்தது. கிராம ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல் அது. இன்றுவரை அப்படித்தான். அந்த ஆண்டு ஓடந்துறையில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆர். சண்முகம். உள்ளூர் விவசாயக் குடும்பத்தவர். அடுத்த பத்தாண்டுகள், 2006 வரை, அவரே தலைவர்.

அவர் முன்னால் முதலில் நின்ற சிக்கல் தண்ணீர். பவானி ஊரை ஒட்டி ஓடுகிறது, ஆனால் குக்கிராமத்துப் பெண்கள் குடம் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஆறு பக்கத்தில் இருப்பதும் ஆற்றுத் தண்ணீர் வீட்டு வாசலுக்கு வருவதும் வேறு வேறு. மக்கள் பங்களிப்போடு, 48 லட்சம் ரூபாய் மதிப்பில், ஊராட்சிக்கென்று ஒரு குடிநீர்த் திட்டம் எழுந்தது. குடிசைகள் இருந்த இடங்களில் காங்கிரீட் வீடுகள் வந்தன. காலப்போக்கில் அரசுத் திட்டங்களின் கீழ் இங்கே கட்டப்பட்ட வீடுகள் ஏறக்குறைய 850. இவ்வளவும் பாராட்டத் தக்கவைதான். என் கவனமோ அதன் பின்விளைவில் நிற்கிறது.

ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, கணக்குப்படி, 8 யூனிட் மின்சாரம் போதும். நடைமுறையில் போதாது. பழைய மோட்டார், தேய்ந்த பம்ப், குழாயின் உராய்வு எல்லாம் தின்றது போக அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். தெருவிளக்குக்கு வாருங்கள். சோக்கோடு சேர்த்து 50 வாட் இழுக்கும் ஒரு டியூப் லைட் இரவெல்லாம் எரிந்தால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 250 வாட் சோடியம் விளக்கு என்றால் ஓர் இரவுக்கு 3 யூனிட். புது வீடு வந்தால் புதுக் குழாய் இணைப்பு, புதுத் தெரு, புதுக் கம்பம். வீடு கட்டிக் கொடுத்தவருக்குக் கைதட்டல் ஒரு நாள் கிடைக்கும், அந்த வீதிக்குரிய பில் மாதாமாதம் வரும்.

ஓடந்துறையில் அப்படித்தான் நடந்தது. மாதம் 2,000 ரூபாயாக இருந்த மின்கட்டணம் சில ஆண்டுகளில் 50,000 ரூபாய் அளவுக்கு ஏறியது. வரவில் பெரும்பங்கை மின்கட்டணமே விழுங்கியது. நன்றாக வேலை செய்யும் ஊராட்சி அதனாலேயே முடங்கும் விசித்திரம் இது. குடிநீர் கொடுக்காத ஊராட்சிக்கு இந்தத் தொல்லை கிடையாது. கொடுத்த ஊராட்சிக்கு மாதாமாதம் தண்டனை.

இந்த இடத்தில் வழக்கமாகத் தலைவர்கள் மூன்றில் ஒன்றைச் செய்வார்கள். பில்லைப் பாக்கி வைப்பார்கள். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை, நான்கு நாளைக்கு ஒருமுறை என்று குறைப்பார்கள். அல்லது ஒன்றிய அலுவலகத்துக்கு மனு எழுதுவார்கள். மூன்றுமே ஒரே நம்பிக்கையில் நிற்பவை: மின்சாரம் என்பது மின்வாரியத்தின் வேலை, ஊராட்சியின் வேலை அதற்குப் பணம் கட்டுவது.

மரக்கழிவில் ஓடிய மோட்டார்

ஓடந்துறை முதலில் சூரிய ஒளியில் எரியும் தெருவிளக்குகளை இரண்டு குக்கிராமங்களில் போட்டுப் பார்த்தது. பிறகு 2003இல் 9 கிலோவாட் திறனுள்ள மரவாயு இயந்திரம் ஒன்றை நிறுவி, அதைக் கொண்டு குடிநீர் மோட்டாரை ஓட்டியது. மரத்துண்டுகளைக் குறைந்த காற்றில் புகைய வைத்து, அதிலிருந்து வரும் எரிவாயுவை வடிகட்டிக் குளிரவைத்து, என்ஜினுக்குள் செலுத்தும் முறை இது. பக்கத்திலேயே மர அறுவை மில்கள் இருந்ததால் கழிவு மரத்துக்குப் பஞ்சமில்லை. நீரேற்றும் செலவு வெகுவாகக் குறைந்தது.

இந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய காற்றாலையைவிட முக்கியமாகப் படுகிறது. 9 கிலோவாட் என்பது அற்பம்தான். ஆனால் அது ஊராட்சிக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்தது. இதற்குமுன் மோட்டார் ரூமில் சுவிட்சைப் போட்டால் தண்ணீர் ஏறும், அவ்வளவுதான் தெரியும். இப்போது ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ விறகு, விறகு கிலோ என்ன விலை, ஈர மரம் போட்டால் என்ன ஆகும், தார் அடைத்தால் எத்தனை மணி நேரம் வேலை நிற்கும் என்று ஆபரேட்டரும் கிளார்க்கும் தலைவரும் கணக்குப் பார்த்தாக வேண்டும். இப்படிப்பட்ட இயந்திரத்தில் யூனிட்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ மரம் செலவாகும். மின்சாரத்துக்கு ஓர் உற்பத்தி விலை உண்டு என்று அந்த ஊராட்சி கற்றுக்கொண்டது அங்கேதான்.

கற்றுக்கொண்டதன் விளைவு, அந்த இயந்திரத்தின் எல்லையும் தெரிந்துவிட்டது. மரக்கழிவுக்கு விலை ஏறத் தொடங்கியது. சும்மா கிடந்த பொருளை ஒருவர் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினால் அது சும்மா கிடக்காது. எரிபொருள் விலை இல்லாத ஏதாவது வேண்டும் என்ற இடத்துக்கு ஊராட்சி வந்து சேர்ந்தது.

மைவாடியில் ஒரு காற்றாலை

ஓடந்துறையில் காற்றாலை ஓட்டும் அளவுக்குக் காற்று இல்லை. காற்று இருப்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே: உடுமலை, பல்லடம், பொள்ளாச்சி, தாராபுரம் பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் அந்த வாசல் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வரும். வைகாசியில் எழுந்து, ஆடியில் அம்மியைப் பறக்கவைக்கும் காற்று. உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில், தன் எல்லையிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி, ஓடந்துறை ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி நிறுத்தியது. ஆண்டு 2006. (உடுமலை அப்போது கோவை மாவட்டத்தில் இருந்தது, 2009க்குப் பிறகே திருப்பூர் மாவட்டம்.)

ஊர் எல்லைக்கு வெளியே ஓர் ஊராட்சி சொத்து வாங்குகிறது! தன் எல்லைக்குள் ஒரு கழிவறை கட்டவே தொழில்நுட்ப ஒப்புதல், நிர்வாக ஒப்புதல், ஓவர்சியர் அளவை, செக் மெஷர்மெண்ட் என்று அலையும் ஓர் அமைப்புக்கு இது எவ்வளவு பெரிய தாண்டல் என்பது ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் உறைக்கும்.

பணம் இப்படி. காற்றாலையின் மொத்த விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சி தன் கையிருப்பிலிருந்து போட்டது 40 லட்சம். மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். உற்பத்தி ஆண்டுக்கு ஏறக்குறைய 6.75 லட்சம் யூனிட். ஊராட்சியின் சொந்தத் தேவை 4.5 லட்சம் யூனிட், அதாவது மாதத்துக்கு சராசரி 37,500. மீதி 2.25 லட்சம் யூனிட் மின்வாரியத்துக்கு.

இந்த எண்களைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். 350 கிலோவாட் இயந்திரம் ஆண்டு முழுவதும் ஒரு நொடி நிற்காமல் முழுத் திறனில் ஓடினால் 30 லட்சத்து 66 ஆயிரம் யூனிட் வரும். கிடைத்த 6.75 லட்சம் அதில் 22 விழுக்காடு. அந்தக் காலத்துச் சிறிய காற்றாலைகளுக்கு இது நம்பத் தக்க அளவு, மிகைப்படுத்திய எண் இல்லை. 2006இல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் புதிய காற்றாலைகளுக்கு நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 2 ரூபாய் 90 காசு. அந்த விலையில் மொத்த உற்பத்தியின் மதிப்பு ஆண்டுக்கு 19 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். ஓடந்துறையின் காற்றாலை வருமானம் என்று பலரும் சொல்லும் 19 லட்சம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். உபரியை விற்றதால் மட்டும் 19 லட்சம் வந்தது என்று எழுதுவது பிழை. இரண்டே கால் லட்சம் யூனிட்டை அந்த விலையில் விற்றால் ஆறரை லட்சம்தான் வரும். மீதி, கட்டாமல் மிச்சமான பில்.

கடன் சுமார் ஏழு ஆண்டுகளில் அடைந்தது. ஏழு ஆண்டில் அடைப்பதென்றால் அசலே ஆண்டுக்கு 16 லட்சத்துக்கு மேல். வட்டி தனி. அப்படியானால் அந்த ஏழு ஆண்டுகளும் காற்றாலை ஈட்டியதில் ஊராட்சியின் கையில் ஏதும் தங்கியிருக்க வாய்ப்பில்லை. ஊராட்சிகளின் வாழ்க்கையில் அரிதாகக் காணும் பொறுமை இங்கே இருக்கிறது. ஐந்தாண்டுப் பதவியில் இருப்பவர், தன் காலத்தில் பலன் தராத ஒன்றுக்கு, ஊரின் கையிருப்பு 40 லட்சத்தையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த 40 லட்சத்தில் பல தெருக்களுக்கு சிமெண்ட் ரோடு போட்டுப் பெயர்ப் பலகை வைத்திருக்கலாம். ஓட்டுக் கேட்கப் போகும்போது ரோட்டைக் காட்டலாம். நூறு கிலோமீட்டர் தள்ளிச் சுற்றும் காற்றாலையை எப்படிக் காட்டுவது?

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஓடந்துறையில் வீடுகளுக்கெல்லாம் ஊராட்சியே மின்சாரம் கொடுக்கிறது என்று பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி இல்லை. மைவாடியில் உற்பத்தியாவது பொதுக் கம்பியில் ஏறுகிறது. ஊராட்சியின் நீரேற்று மோட்டார்களும் தெருவிளக்குகளும் செலவழிப்பது கணக்கில் அதற்கு ஈடாகிறது. வீட்டு மீட்டர் வழக்கம்போல வாரியத்தோடுதான். ஆனால் குழாயில் வரும் தண்ணீரும் வாசலில் எரியும் விளக்கும் பில் பாக்கிக்காக நின்றுபோகும் பயம் இல்லை. அதன் அருமை பதினைந்து நாள் இருட்டில் இருந்த தெருக்காரர்களுக்குத் தெரியும்.

கடன் வாங்கும் உரிமை

நம் பக்கம் கடன் என்றால் முகம் சுளிப்போம். கடன்பட்டார் நெஞ்சம்போல் என்று சொல்லி வளர்ந்தவர்கள். ஓர் ஊராட்சி கடன் வாங்கியதை நான் இவ்வளவு மெச்சுவது சிலருக்கு ஒப்பாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மானியம் கேட்பவருக்கும் கடன் கேட்பவருக்கும் நிற்கும் விதமே வேறு. மானியத்துக்கு மனு போதும். கடனுக்கு வரவு செலவுக் கணக்கு வேண்டும், மன்றத் தீர்மானம் வேண்டும், மேலிடத்து அனுமதி வேண்டும், திருப்பிக் கட்டும் வழியைக் காட்ட வேண்டும். வங்கி ஒரு கிராம ஊராட்சியை உட்காரவைத்துப் பேசுகிறதென்றால், அதை ஒரு நிறுவனமாக, தனக்கென்று வரவும் சொத்தும் உள்ள அரசாக மதிக்கிறது. மாவட்டத்திலிருந்து வரும் சுற்றறிக்கையை நிறைவேற்றும் கிளை அலுவலகமாகவே பழகிப்போன ஓர் அமைப்புக்கு அது பெரிய விஷயம்.

ஐந்தாண்டுப் பதவிக்கும் ஏழாண்டுக் கடனுக்கும் உள்ள இடைவெளிதான் இந்த நிகழ்வின் மிக நுட்பமான பகுதி என்று நினைக்கிறேன். காற்றாலை நின்ற அதே 2006இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. சண்முகத்தின் மனைவி லிங்கம்மாள் தலைவரானார். தவணை தடைபடவில்லை, திட்டம் கைமாறிக் கெட்டுப்போகவில்லை. ஆனால் ஆய்வு என்று எழுதும்போது கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. அந்தத் தொடர்ச்சி ஒரு குடும்பத்தின் வழியாக வந்தது. வேறொரு அணி வென்றிருந்தால் தவணை நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. நின்றிருக்காது என்று உறுதி சொல்லும் ஏற்பாடும் நம் ஊராட்சி முறையில் இல்லை. தலைவர் மாறினால் பழைய தலைவரின் வேலையைப் பாதியில் விடுவது ஊர் ஊருக்குப் பார்த்த காட்சி. பாதிக் கட்டிய சமுதாயக் கூடங்கள் எத்தனை!

தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் காசோலை செல்லும். இருவருக்கும் ஆகாது என்றால் துப்புரவுப் பணியாளர் சம்பளம்கூட நிற்கும். தலைவரைப் பதவி நீக்கும் அதிகாரம் சட்டத்தின் 205ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. தேர்ந்தெடுத்த மக்களிடம் இல்லை. இத்தனை கயிறுகளுக்கு நடுவே ஒரு நீண்டகாலத் திட்டம் உயிரோடு இருக்க வேண்டுமானால் மன்றத்துக்குள் பகை முற்றாமல் இருக்க வேண்டும். வெற்றிக் கதைகளில் இந்தப் பகுதி எழுதப்படுவதில்லை. அன்றாடம் வார்டு மெம்பர்களைச் சமாதானப்படுத்தி, மினிட் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிய வேலை அது.

அதே 1996, வேறு ஊர்கள்

ஓடந்துறையை மட்டும் பார்த்தால் தலைவர் ஒருவர் மனம் வைத்தால் எல்லாம் நடக்கும் என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். அதே 1996 தேர்தலில் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராக வென்ற முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில், ஒதுக்கீட்டை ஏற்க மறுத்த ஆதிக்கச் சாதியினரால், பத்து ஆண்டுகள் முறையான தேர்தலே நடக்கவில்லை. 2006இல்தான் நடந்தது. நாற்காலியில் உட்காரவே உயிரைக் கொடுக்க வேண்டியிருந்த ஊரில் போய்க் காற்றாலை பற்றிப் பேச முடியாது. ஓடந்துறைத் தலைவருக்கு நாற்காலி கேள்வியில்லாமல் கிடைத்தது. அதை அவருடைய குறையாகச் சொல்லவில்லை. ஆனால் 'எல்லா ஊராட்சியும் ஓடந்துறை ஆகலாம்' என்று மேடையில் பேசுகிறவர்கள் மேலவளவையும் மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

சென்னைக்கு மேற்கே குத்தம்பாக்கத்தில் இதே 1996 முதல் பத்தாண்டு தலைவராக இருந்த இளங்கோ ரங்கசாமி போன வழி வேறு. வேதிப் பொறியாளராக இருந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். பல சாதியினரும் ஒட்டுச் சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகளைச் சமத்துவபுரத்தில் கட்டினார். அங்கே கையில் எடுத்தது சுவர், இங்கே பில். இரண்டு ஊரிலும் ஒற்றுமை ஒன்று உண்டு: ஊரின் மிக வெளிப்படையான வலியைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள், மேலே யாராவது தீர்ப்பார்கள் என்று காத்திருக்கவில்லை.

அப்படியும், தமிழ்நாட்டின் ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகள் ஏன் இந்த வழியில் கூட்டம் கூட்டமாகப் போகவில்லை? ஓடந்துறை நெடுஞ்சாலை ஊர், மேட்டுப்பாளையம் நகரத்தை ஒட்டிய ஊர். வரி போடக் கட்டடம் இருந்தது. 40 லட்சம் சேர்த்துவைக்க முடிந்தது. ராமநாதபுரத்திலோ தர்மபுரியின் மலையோரத்திலோ ஓட்டு வீடுகளிலிருந்து வரும் வீட்டு வரி கிளார்க்கின் பேனா மைக்குச் சரியாகப் போகும். இது ஒரு காரணம். மற்றது, இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, ஓடந்துறைக்குப் பார்வையாளர்கள் வந்தார்கள், வெளிநாட்டிலிருந்தும் வந்தார்கள், படம் எடுத்தார்கள், பாராட்டினார்கள். ஆனால் பத்து ஊராட்சிகள் சேர்ந்து ஒரு காற்றாலை வாங்கப் பங்கு போடும் முறையையோ, சிறிய ஊராட்சிக்குக் கடன் உத்தரவாதம் கொடுக்கும் நிதியையோ யாரும் வழக்கமாக்கவில்லை. ஒரு ஊரை உதாரணமாகக் காட்டுவது எளிது. அந்த உதாரணத்தை விதியாக்க அரசுக்குள் பல மேசைகளில் வேலை நடக்க வேண்டும்.

இனி

கோவை உட்பட பெரும்பாலான மாவட்டங்களின் கிராம ஊராட்சி மன்றங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அவற்றின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. உரிய நேரத்தில் தேர்தல் வராததால் நிர்வாகம் அரசு அமர்த்தும் தனி அலுவலர்களின் கைக்குப் போனது. 2016 முதல் 2019 வரையிலும் இதே நிலைதான் இருந்தது. தனி அலுவலர் தண்ணீர் விடுவார், பில் கட்டுவார், குப்பை அள்ள ஆள் போடுவார். பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் ஓர் அதிகாரியிடம் அதற்குமேல் எதிர்பார்க்கவும் கூடாது. ஒரு ஊரின் இருபது ஆண்டுகளைக் கட்டிப்போடும் முடிவை எடுக்க அவருக்கு ஊரார் எந்த ஒப்புதலும் கொடுக்கவில்லை.

ஓடந்துறைக்கு இப்போது அப்படி ஒரு முடிவுதான் நெருங்கி வருகிறது. காற்றாலைகளை இருபதிலிருந்து இருபத்தைந்து ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கிறார்கள். மைவாடி இயந்திரத்துக்கு 2026இல் இருபது வயது. பல்சக்கரப் பெட்டி, இறக்கை, ஜெனரேட்டர் என்று பழுதுச் செலவு கூடும் வயது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் நல்ல இடங்களையெல்லாம் இப்படிப்பட்ட பழைய சிறிய இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்கவும் மாற்றவும் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. இன்றைய ஒரே இயந்திரம் 2,000 கிலோவாட்டுக்கு மேல். அதன் விலை 2006இல் கொடுத்ததைப்போல் பல மடங்கு. ஓடந்துறை மட்டும் தனியாக அதை வாங்க முடியாது. பக்கத்து ஊராட்சிகளோடு பங்கு சேர வேண்டுமா, பழையதையே பழுது பார்த்து இன்னும் ஐந்தாண்டு ஓட்ட வேண்டுமா, அந்தப் பணத்தில் ஊருக்குள்ளேயே மேல்தொட்டிகளின் அருகில் சூரியத் தகடு போட வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரவு செலவு இருக்கிறது. மரவாயு இயந்திரக் காலத்திலிருந்து கணக்குப் பார்த்துப் பழகிய ஊர் அது. அடுத்து மன்றம் அமைந்து கூடும் கிராம சபையில், குழாயையும் சாக்கடையையும் கேட்டு முடித்த பிறகு, யாராவது எழுந்து மைவாடி காற்றாலையின் கடைசி மூன்று ஆண்டு உற்பத்திக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.